எங்க வீட்டுப் பெயிண்டர்

அம்மா வரைந்த படம் தேர்வாகிவிட்டது என்று போன வாரம் பார்கவி போட்ட கூச்சலில், முர்ஃபி டவுன் சந்தே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தது. அந்தச் சந்தோஷம் இன்று காலை வரைக்கும் வீட்டில் இருந்தது. அம்மா சந்திரம்மா சாம்பாரில் உப்புப் போட மறந்தாள். அப்பா ஆதிகேசவன் அதைச் சொல்லாமலே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

அந்தப் படத்தில் முகமே கிடையாது. கால்கள்தான். சந்திரம்மா மல்லேஸ்வரத்தில் வீடு துடைக்கிறவள். குனிந்து துடைக்கிறவளுக்கு மனுஷர்களின் முகம் எங்கே தெரியும்? "கொஞ்சம் காலைத் தூக்குங்க" என்றால் தூக்குவார்கள். தூக்கின கால் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஒருத்தர் கால் சலித்துக்கொள்ளும். ஒருத்தர் கால் பயப்படும். சின்னப் பிள்ளைகள் கால் வேண்டுமென்றே அங்கேயே ஆடும்.

அதையெல்லாம் வீட்டுக்கு வந்து, புருஷன் வேலை இடத்திலிருந்து கொண்டுவரும் மிச்சப் பெயிண்டால் பிளைவுட் துண்டில் போடுவாள். இந்தப் படத்தில் ஒரு சோபாவும், அதன் முன்னால் வரிசையாக அந்தரத்தில் தூக்கின கால்களும். கீழே வலது மூலையில் ஈரத்துணியைப் பிடித்த ஒரு கை. அவ்வளவுதான் படம்.

அதை முதலில் பார்த்தவள் அம்ருதா. சந்திரம்மா வேலை செய்யும் வீட்டுப் பெண். சந்திரம்மாவின் சாப்பாட்டுப் பையில் டப்பா சாயாமல் இருக்க அணைவாக வைத்திருந்த பிளைவுட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சந்திரம்மா, இது யார் போட்டது?" என்று கேட்டாள். அப்புறம் அவளேதான் ஓவியர்கள் தங்கள் படங்களை வைக்கும் ஒரு இணையதளத்தைச் சொன்னாள்.

பார்கவிக்குச் சிவாஜிநகரில் துணிக்கடை வேலை. சாப்பாட்டு நேரத்தில் கடையின் பின்பக்கம் உட்கார்ந்து, போனிலேயே அம்மாவுக்கு ஒரு பக்கம் திறந்தாள். முதல் பெயர் என்று ஒரு கட்டம் கேட்டது. கடைசிப் பெயர் என்று இன்னொரு கட்டம் கேட்டது. நம்மில் யாருக்கு இரண்டு பெயர் இருக்கிறது? அம்மா பெயரை எங்கே எழுதினாலும் ஏ. சந்திரம்மா. முதலில் வருவது ஏ. அந்த ஏ என்பது அப்பா. ஆக முதல் பெயர் ஆதிகேசவன், கடைசிப் பெயர் சந்திரம்மா. பார்கவிக்கு அது சரியாகத்தான் பட்டது. உங்களுக்கும் எனக்கும்கூட அப்படித்தான் பட்டிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மல்லேஸ்வரத்திலேயே ஒரு ஹாலில் புது ஓவியர்களின் படங்களை மாட்டப் போகிறார்கள். அதில் கால் படமும் ஒன்று. அதற்கு முன்னால் ஆளைச் சரிபார்க்க ஒரு போன் வரும், அன்றைக்கே பக்கமும் திறந்துவிடும், சாயந்திரம் வந்து படத்தை எடுத்துப் போவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்தப் போன் இன்று காலையில் வந்தது.

*

அம்ருதா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்பில் மீட்டிங்கில் இருந்தாள். சந்திரம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

"ஹலோ, ஆதிகேசவன் அவ்ர மனேனா?"

கன்னடத்தில் ஒரு பெண் குரல், ஆதிகேசவன் வீடா என்று. "ஹௌது மேடம்" என்றாள் சந்திரம்மா. அதற்கப்புறம் எல்லாம் கன்னடத்திலேயே போயிற்று. தமிழில் சொன்னால் இப்படி:

"நீங்க யாரும்மா பேசறது?"

"அவரு வீட்டுக்காரிங்க."

"பெயிண்டர் ஆதிகேசவன்தானே?"

"ஆமாங்க. எங்க வீட்டுப் பெயிண்டர் அவருதாங்க."

சந்திரம்மா பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்து பெயிண்டர் என்றால் சாரத்தில் ஏறுகிறவன். சுவரைத் தேய்த்து, பட்டி பார்த்து, ரோலர் உருட்டுகிறவன். தான் செய்வதற்கு அவளிடம் ஒரு பேரும் இல்லை. யாராவது கேட்டால் "சும்மா பொம்மை போடறேன்" என்பாள். கேஸ் கனெக்ஷனுக்கு வந்தாலும் வாடகை வீட்டுக்குப் போனாலும் முதலில் வீட்டுக்காரரைத்தான் விசாரிக்கிறார்கள். இதுவும் அப்படித்தான், அவரை முடித்துவிட்டு நம்மிடம் வருவார்கள் என்று இருந்தாள்.

"எவ்ளோ நாளா பெயிண்ட் பண்றாரு?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிலிருந்தேங்க."

"எதுல பண்ணுவாரு? ஆயிலா, அக்ரிலிக்கா?"

"எல்லாம் பண்ணுவாருங்க. டிஸ்டம்பர், எமல்ஷன், எனாமல்... வெளி செவுருன்னா அது வேற."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். "செவுருலயும் பண்ணுவாரா?"

"முக்காவாசி செவுருதாங்க."

"பெரிய செவுரா?"

"ஒரு பில்டிங் பூராங்க!"

"வாவ்" என்றாள் அந்தப் பெண். "இப்ப எங்க இருக்காரு, பேசலாமா?"

"இதே மல்லேஸ்வரத்துலதாங்க. ஆனா பேச முடியாது. கயித்துல தொங்கிகினு இருப்பாரு."

அந்தப் பெண் சிரித்தாள். சந்திரம்மாவும் சிரித்தாள். பெரிய இடத்துப் பெண், இவ்வளவு அன்பாகப் பேசுகிறாளே என்று இருந்தது.

"அவரோட ஆதார் கார்டு போட்டோ ஒண்ணும், அவரு போட்டோ ஒண்ணும் அனுப்புங்க. இன்னைக்கே முடிச்சிடலாம்."

ரெண்டும் போனில் இருந்தன. அப்போதே அனுப்பினாள். அனுப்பிவிட்டு, மெதுவாகக் கேட்டாள்: "மேடம், அந்தக் கால் படம்..."

"சூப்பர் படம்! எங்க எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சது. அவர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றாள் சந்திரம்மா.

போன் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். எல்லாருக்கும் பிடித்ததாம். வாளியில் தண்ணீர் மாற்றும்போது பாட்டு வந்தது. பாடவில்லை. மீட்டிங் நடக்கிறது.

*

மத்தியானம் பார்கவியின் போனில் பக்கம் திறந்தது.

மேலே கால் படம். அதைப் பார்த்ததும் வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. அவ்வளவு அழகாக இருந்தது. கீழே ஒரு வட்டத்துக்குள் போட்டோ. அப்பா. மஞ்சள் ஹெல்மெட்டோடு.

பெயர்: ஆதிகேசவன் சி.

அந்தத் தளம் முதல் பெயரை முழுசாகப் போட்டு, கடைசிப் பெயரில் ஒரு எழுத்தை மட்டும் வைக்கும் போலிருக்கிறது. இத்தனை நாளும் அம்மா பேருக்கு முன்னால் அப்பா ஒரு எழுத்தாக நின்றார். இப்போது அப்பா பேருக்குப் பின்னால் அம்மா ஒரு எழுத்தாக நின்றாள். பக்கத்தில் ஒரு புள்ளி.

அதற்குக் கீழே ஆங்கிலத்தில் நாலு வரி. பார்கவி உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். இவர் உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கி வேலை செய்பவர். அந்த உயரத்திலிருந்து கீழே பார்க்கும்போது மனிதர்கள் வெறும் கால்களாகத் தெரிகிறார்கள். மூலையில் இருக்கும் கை யாருடையது என்பது ரசிகர்களுக்கு இவர் வைக்கும் புதிர்.

பார்கவி டப்பாவை மூடிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ம்மா, காலையில போன்ல இன்னா சொன்ன நீ?"

"நல்லா பேசினாங்கடி. அப்பாவைப் பத்திக் கேட்டாங்க. சொன்னேன்."

"படம் போடறது நான்தான்னு சொன்னியா?"

"அவங்க கேக்கவே இல்லியே."

"ஐயோ ம்மா! பெயிண்டர் யாருன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. அப்பான்னு சொன்னேன்."

"ஏம்மா அப்படிச் சொன்ன?"

"பின்ன, நானாடி பெயிண்டர்?" என்றாள் சந்திரம்மா. கேட்ட பிறகுதான் அவளுக்கே மெள்ள உறைத்தது.

"வைம்மா. நான் பாக்கறேன்" என்றாள் பார்கவி.

உதவி என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினாள். உடனே பதில் வந்தது.

"வணக்கம் ஆதிகேசவன்! உங்களுக்கு எப்படி உதவலாம்?"

நான் ஆதிகேசவன் இல்லை என்று ஆங்கிலத்தில் அடித்தாள்.

"புரிகிறது ஆதிகேசவன். உங்கள் பெயரை மாற்ற விரும்புகிறீர்களா?"

ஆமாம்.

"சரிபார்த்த பெயரை மாற்ற முடியாது ஆதிகேசவன். வேறு ஏதாவது உதவி வேண்டுமா?"

"உன் தலை" என்று வாய்விட்டே சொன்னாள் பார்கவி. மனுஷரோடு பேச வேண்டும், மனுஷரோடு பேச வேண்டும் என்று திரும்பத் திரும்ப அடித்தாள். கடைசியில் அதிதி என்று ஒருத்தி வந்தாள். உடனே விஷயத்துக்கு வந்தாள்.

"இந்தப் படங்களை ஆதிகேசவன் வரையவில்லை என்று சொல்கிறீர்களா? அப்படியானால் இது ஆள்மாறாட்டம். கணக்கை உடனே மூடுவோம். படம் கண்காட்சியிலிருந்து எடுக்கப்படும். இதே போன் நம்பரிலும் இதே விலாசத்திலும் மறுபடி கணக்குத் திறக்க முடியாது. உறுதிப்படுத்தவும்: ஆம் அல்லது இல்லை."

பார்கவியின் கட்டைவிரல் போனின் மேல் நின்றது. ஆம் என்றால் படம் போய்விடும். இல்லை என்றால் அம்மா போய்விடுவாள்.

உள்ளேயிருந்து ஓனர் சத்தம் போட்டார். "பார்கவி! கஸ்டமர் நிக்கறாங்க, ஊட்டா இன்னும் ஆகலியா? எவ்ளோ நேரம் சாப்பிடுவ?"

இல்லை என்று அடித்தாள். "இல்லை மேடம், சும்மா ஸ்பெல்லிங் டவுட்."

"நன்றி ஆதிகேசவன்" என்றாள் அதிதி. "உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?"

*

மல்லேஸ்வரத்தில், பார்கவி மறுபடி போன் செய்து நடந்ததைச் சொன்ன பிறகு, சந்திரம்மா ஹாலைத் துடைக்காமல் துணியைக் கையில் பிடித்தபடி நின்றாள். மீட்டிங் எப்போது முடியும் என்று பார்த்தாள். அது முடிகிற மாதிரி இல்லை. கடைசியில் அம்ருதாவின் தோளை லேசாகத் தொட்டாள்.

அம்ருதா ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டாள். சந்திரம்மா சொல்லச் சொல்ல, "ஐயையோ" என்றாள். மறுபடி "ஐயையோ" என்றாள். அவள் நல்ல பெண். உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

"நான் ஒரு மெயில் போடறேன் சந்திரம்மா. ஆனா ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒண்ணும் நடக்காது. முதல்ல படம் சுவத்துல ஏறட்டும். அப்புறமா பார்த்துக்கலாம்."

"அப்புறம்னா பேரை மாத்துவாங்களா மேடம்?"

"கேட்டுப் பார்க்கணும்." அம்ருதா கொஞ்சம் யோசித்தாள். "அதுவும் யாரோ வெளி ஆள் பேரா போட்டிருக்கு? உங்க வீட்டுக்காரர் பேர்தானே?"

வெளி ஆள் பேராக இருந்தால் சண்டையாவது போடலாம்.

சந்திரம்மா குனிந்து துணியைத் தரையில் வைத்தாள். சொல்லாமலே அம்ருதா காலைத் தூக்கிக்கொண்டாள்.

*

ஆதிகேசவன் அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டான். வந்தவன் சட்டையைக் கழற்றவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். தலையைப் படிய வாரியிருந்தான். வேலையிலிருந்து அவன் அப்படி வந்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"தெரிஞ்சிபோச்சா?" என்றாள் பார்கவி.

"போன வாரமே நீதான எல்லாருக்கும் லிங்கை அனுப்பிட்டிருந்த. பக்கம் திறந்ததும் எங்க பில்டிங் சைட்டு மொத்தமும் பாத்துடுச்சி. கயித்துலேருந்து இறங்கவே விடல. கீழ நின்னு கைதட்றானுங்கோ."

"நீ இன்னா சொன்ன?"

"நான் இல்லடா, எங்க வீட்டுல போட்டதுன்னு சொன்னேன். எவன் கேக்கறான்? 'பாரு, எவ்ளோ அடக்கமா இருக்காரு'ன்றானுங்கோ. ஆனேக்கல்லேருந்து உங்க பெரியப்பா வேற போன் பண்ணி அழுவறாரு. சின்ன வயசுலயே செவுத்துல கரியால கிறுக்குவானேன்னு."

"கிறுக்குவியா?"

"எல்லாரும்தான் கிறுக்குவாங்க."

பார்கவிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அடுப்படியில் சந்திரம்மாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் டீ போட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சந்திரா" என்றான் ஆதிகேசவன்.

அவள் திரும்பவில்லை.

"மேஸ்திரி இன்னைக்கி என்னை 'வாங்க'ன்னு கூப்பிட்டான்." அவன் குரல் இறங்கியது. "இத்தினி வருஷத்துல ஒரு தடவ அப்படிக் கூப்பிட்டதில்ல. 'வாங்க, உக்காருங்க'ன்னான். நான் உக்காந்துட்டேன்."

சந்திரம்மா டீயைக் கொண்டுவந்து அவன் பக்கத்தில் வைத்தாள்.

"உக்காந்தா இன்னா தப்பு?" என்றாள். "காலு வலிச்சிருக்கும். உக்காந்த."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவனால் தாங்கியிருக்க முடியும்.

வாசலில் ஹார்ன் சத்தம். சந்து முனையில் ஒரு சின்ன வேன் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. டிரைவர் கையில் போனோடு வந்தான். சட்டைப் பையில் நரேஷ் என்று போட்டிருந்தது.

"ஆதிகேசவன் சார் வீடா? படம் ஒண்ணு எடுக்கணும்."

பார்கவி படத்தைச் சுவரோரத்திலிருந்து எடுத்து வந்து கட்டில் மேல் வைத்தாள். நரேஷ் குனிந்து பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"ஏய், நல்லா இருக்குது சார்" என்றான். "எங்க வூட்டுலயும் இப்படித்தான் தூக்குவேன். எங்கம்மா திட்டும், இன்னும் மேல தூக்குடான்னு." அப்புறம் போனைப் பார்த்தான். "சைன் இல்லியே சார்."

"இன்னா சைன்?"

"படத்துல ஆர்டிஸ்ட் கையெழுத்து இருக்கணும். இல்லாட்டி எடுத்துகினு வராதன்னு போட்டிருக்குது. இங்க பாருங்க, கட்டம் காட்டுது. வலது பக்கம், கீழ் மூலை. அதுக்குள்ள கையெழுத்து வரணும். போட்டோ எடுத்தாதான் அடுத்த பக்கத்துக்கே போவும்."

"அம்மா கையெழுத்து போட்டா?" என்றாள் பார்கவி.

"அம்மாவா?" நரேஷ் போனைத் தேய்த்துப் பார்த்தான். "பேரு மேட்ச் ஆவணும்க்கா. இதுல சார் பேருதான் இருக்குது."

"அண்ணா, தப்பா போட்டுட்டாங்க. அதைப் போட்டது எங்கம்மா."

நரேஷ் சந்திரம்மாவைப் பார்த்தான். அவளுடைய கையைப் பார்த்தான். விரல் இடுக்கில் இன்னும் நீலம் ஒட்டியிருந்தது. அவனுக்குப் புரிந்தது. புரிந்து என்ன?

"அக்கா, நான் வெறும் எடுத்துகினு போற ஆளு" என்றான். "இன்னும் ரெண்டு வூட்டுல எடுக்கணும். வேன் வேற குறுக்க நிக்குது. வாணாம்னா வாணாம்னு அழுத்திட்டுப் போறேன். அப்புறம் ஞாயித்துக்கிழமை மாட்டமாட்டாங்க, அவ்ளோதான்."

சந்தில் ஆட்டோக்காரன் ஒருவன் ஹார்னை அழுத்திக்கொண்டே இருந்தான்.

"நீ சொல்லு" என்றான் ஆதிகேசவன் மனைவியிடம். "வாணாம்னா இப்பவே வாணாம்னு சொல்லி அனுப்பிடலாம். நீ இன்னா சொல்றியோ அது."

சந்திரம்மா படத்தைப் பார்த்தாள். தூக்கின கால்கள் எல்லாம் அந்தரத்திலேயே நின்றன. இவள் துடைத்து முடித்தால்தான் இறக்குவார்கள்.

அதே மல்லேஸ்வரத்துக்காரர்கள்தான் ஞாயிற்றுக்கிழமை ஹாலுக்கு வருவார்கள். நின்று பார்ப்பார்கள். அவர்கள் கால்களை அவர்களே பார்ப்பார்கள். அதை ஒரு தடவை, கதவோரத்தில் நின்றாவது அவள் பார்க்க வேண்டும்.

"எழுது" என்றாள்.

"ம்மா!" என்றாள் பார்கவி.

"நீ சும்மா இருடி. அவரை எழுதச் சொல்லு. படம் போவட்டும்."

பார்கவி அசையவில்லை. சந்திரம்மாவே போய்க் கறுப்புப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். பிரஷ்ஷை எடுத்துக் கொடுத்தாள். அது பார்கவியின் பழைய ஐலைனர் பிரஷ். ஆதிகேசவன் தன் வாழ்க்கையில் அத்தனை மெல்லிய பிரஷ்ஷைப் பிடித்ததில்லை. அவன் விரல்களுக்கு நடுவில் அது காணாமல் போயிற்று.

அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தான். பிரஷ்ஷைப் பெயிண்டில் தோய்த்தான். நரேஷ் போனை நீட்டி, கட்டம் எங்கே வருகிறது என்று காட்டினான். ஆதிகேசவனின் கை வலது மூலைக்குப் போயிற்று. பக்கத்தில் போகப் போகத் தயங்கியது. அத்தனை உயரத்தில் தொங்கும்போது தயங்காத கை.

"இருய்யா" என்றாள் சந்திரம்மா.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி எழுது."

"தள்ளி எழுதினா கட்டத்துக்குள்ள வராதுக்கா" என்றான் நரேஷ். அவன் குரலே கெஞ்சியது. "இங்கதான் எழுதணும்."

"இங்கதான் எழுதணுமாம் சந்திரா" என்றான் ஆதிகேசவன்.

"அங்க எழுதாதய்யா" என்றாள் சந்திரம்மா. "அங்க என் கை இருக்கு."

சந்தில் இப்போது இரண்டு வண்டிகள் சேர்ந்து ஹார்ன் அடித்தன. ஆதிகேசவன் எழுதவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. பிரஷ் நுனியில் கறுப்பு திரண்டு, துணியைப் பிடித்த அந்தக் கைக்கு நேர் மேலே, விழப்போகிற மாதிரி நின்றது.